பட்டம் தாணு பிள்ளையின் பதினொரு மாத ஆட்சி (திரு-கொச்சி, 1954–55): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1954 மார்ச் நடுவில் பட்டம் தாணு பிள்ளை தலைமையில் பதவியேற்ற திரு-கொச்சியின் பிரஜா சோஷலிஸ்ட் அமைச்சரவை 1955 பிப்ரவரியில் கவிழ்ந்தது. கேரள அரசியலைப் பேசுகிறவர்கள் 1957 கம்யூனிஸ்ட் அமைச்சரவைக்குப் போகும் அவசரத்தில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். குமரி மாவட்டத்திலோ மார்த்தாண்டம், புதுக்கடை துப்பாக்கிச்சூட்டைத் தவிர இந்த ஆட்சியைப் பற்றி வேறெதுவும் பேசப்படுவதில்லை. சட்டசபைக் கணக்கும் தெற்குத் தாலுகாக்களில் நடந்ததும் ஒரே கதையின் இரு பக்கங்கள் என்பதால், இங்கே இரண்டுக்கும் சேர்த்தே பதில் தந்திருக்கிறோம்.

திரு-கொச்சி என்பது எந்த மாநிலம்?

திருவிதாங்கூர், கொச்சி என்ற இரு சமஸ்தானங்களும் 1949 ஜூலை 1 அன்று இணைந்து உருவான மாநிலம். 1956 நவம்பர் 1 வரை இருந்தது. இன்றைய கேரளத்தின் தென்பகுதியும் நடுப்பகுதியும், கன்னியாகுமரி மாவட்டமும், செங்கோட்டையும் இதற்குள் அடங்கும். மலபார் அப்போது சென்னை மாநிலத்தில் இருந்தது.

அரசியலமைப்பில் இது 'பி' பிரிவு மாநிலம். ஆளுநர் கிடையாது, அவர் இடத்தில் ராஜப்பிரமுகர் இருந்தார். அந்தப் பதவியில் இருந்தவர் திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் பலராம வர்மா. அமைச்சரவையை அழைப்பது, சட்டசபையைக் கலைப்பது போன்ற அதிகாரங்கள் அவர் பெயரில்தான் நடந்தன. அவற்றை அவர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பயன்படுத்தவில்லை என்பது பின்னால் முக்கியமாகிறது.

1952இல் பொதுத் தேர்தல் நடந்த பிறகு, 1954இல் மறுபடி ஏன் தேர்தல்?

1952 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. 108 இடங்களில் காங்கிரஸுக்கு 44. தமிழ்த் தாலுகாக்களுக்காகப் போராடிய தனிக் கட்சியான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸுக்கு (இனி தி.த.நா.கா.) 8. கம்யூனிஸ்ட் கட்சி அங்கே தடைசெய்யப்பட்டிருந்ததால் அதன் ஆட்கள் சுயேச்சைகளாக நின்று வென்றிருந்தார்கள். காங்கிரஸின் ஏ. ஜே. ஜான், தி.த.நா.கா. ஆதரவோடு முதல்வரானார். தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கும் கோரிக்கையில் இரு தரப்புக்கும் ஒத்துவரவில்லை. தி.த.நா.கா. ஆதரவை விலக்கிக்கொள்ள, 1953 செப்டம்பரில் ஜான் அமைச்சரவை சபையில் தோற்றது. தோற்ற முதல்வரின் ஆலோசனையை ஏற்று ராஜப்பிரமுகர் சட்டசபையைக் கலைத்தார். 1954 தொடக்கத்தில் தேர்தல் நடந்தது. தேர்தல் முடியும்வரை ஜானே காபந்து முதல்வராக நீடித்தார்.

1954இல் யாருக்கு எத்தனை இடங்கள்?

தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 117. காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் 23, பிரஜா சோஷலிஸ்ட் 19, தி.த.நா.கா. 12, புரட்சி சோஷலிஸ்ட் (ஆர்.எஸ்.பி.) 9, சுயேச்சைகள் 9. நியமன ஆங்கிலோ-இந்திய உறுப்பினரோடு சபையின் பலம் 118.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த பதினொரு மாதங்களில் நடந்த ஒவ்வொரு திருப்பத்துக்கும் இந்த ஆறு எண்களுக்குள் விடை இருக்கிறது.

19 பேரை வைத்துக்கொண்டு எப்படி ஆட்சி அமைக்க முடிந்தது?

சபாநாயகர் சாதாரணமாக வாக்களிப்பதில்லை. சமநிலை வந்தால் மட்டுமே அவருக்கு வாக்கு. அவரைக் கழித்தால் 117 பேர். எல்லோரும் வந்திருந்து வாக்களித்தால் 59 வேண்டும்.

பிரஜா சோஷலிஸ்டுகள் தேர்தலில் இடதுசாரிகளோடு தொகுதி உடன்பாடு வைத்திருந்தார்கள். அந்த அணி அப்படியே ஆட்சிக்கு வந்திருந்தால் 23 + 19 + 9 = 51. சுயேச்சைகளில் எட்டுப் பேரையாவது இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் தி.த.நா.கா.வின் 12 வேண்டும், அப்போது 63. காங்கிரஸோ தனியாக 45. தி.த.நா.கா.வைச் சேர்த்தாலும் 57தான். ஆறு மாதம் முன்பு தன் ஆட்சியைக் கவிழ்த்த கட்சியோடு உடனே கைகோக்க காங்கிரஸால் முடியவில்லை.

கம்யூனிஸ்டுகள் ஆட்சியில் பங்கு பெறுவதைத் தடுப்பதே காங்கிரஸின் முதல் கவலை. அதனால் அது பிரஜா சோஷலிஸ்ட் கட்சியிடம் போய், நீங்கள் ஆட்சி அமையுங்கள், நாங்கள் வெளியிலிருந்து ஆதரிக்கிறோம் என்றது. 45 + 19 = 64. பிரஜா சோஷலிஸ்டுகளும் காங்கிரஸோடு கூட்டு அமைச்சரவை இல்லை, கம்யூனிஸ்டுகளோடும் இல்லை, தனித்தே ஆள்வோம் என்று ஏற்றுக்கொண்டார்கள். தேர்தலில் கூட இருந்த இடதுசாரிகள் இதைத் துரோகமாகவே பார்த்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் டி. வி. தாமஸ் எதிர்க்கட்சித் தலைவரானார்.

சபையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத கட்சி அமைச்சரவை அமைத்தது இப்படித்தான். அரசியலமைப்பில் இதற்கு எந்தத் தடையும் இல்லை. அமைச்சரவை சபைக்குக் கூட்டாகப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்றுதான் விதி. தனக்கு ஆதரவாக 59 பேரைக் காட்ட வேண்டியதில்லை, தனக்கு எதிராகப் பெரும்பான்மை திரளாமல் இருந்தால் போதும்.

அமைச்சரவையில் யார் யார்?

நான்கு பேர் மட்டும்: முதல்வர் பட்டம் தாணு பிள்ளை, பி. எஸ். நடராஜ பிள்ளை, ஏ. அச்சுதன், பி. கே. குஞ்ஞு. நிதி நடராஜ பிள்ளையிடம் இருந்தது. நம் தமிழ்த்தாய் வாழ்த்தை இயற்றிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் மகன் இவர். தமிழ்த் தாலுகாக்களின் போராட்டத்தை அடக்கிய அமைச்சரவையில் அவர் மகன் இருந்தார் என்பது தமிழ் வாசகர் பலருக்குத் தெரிந்திருக்காது. இதை வைத்து அவரைத் தூற்றுவது நியாயமல்ல. அந்த ஆட்சியின் உருப்படியான முயற்சி ஒன்றும் அவருடையதுதான், கீழே வருகிறது.

வெளியிலிருந்து ஆதரவு என்பதில் என்ன சிக்கல்?

ஆதரிக்கும் கட்சிக்குப் பொறுப்பு இல்லை. பிடி மட்டும் இருக்கிறது. கூட்டு அமைச்சரவையாக இருந்தால், ஒரு முடிவு பிடிக்காவிட்டாலும் அதன் அமைச்சர்கள் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். விலகினால் பதவியும் போகும். வெளியே நிற்பவருக்கு அந்த இழப்பு இல்லை. மசோதா பிடிக்காவிட்டால் இழுத்தடிக்கலாம். தருணம் வந்தால் ஒரே நாளில் கையை விடலாம்.

ஆளும் கட்சிக்கு வரும் கேடு இன்னும் ஆழமானது. ஒரு மசோதாவைச் சட்டமாக்க வாக்குகள் வேண்டும். அவை அடுத்தவர் கையில் இருக்கின்றன. போலீஸை அனுப்பவும், தடை உத்தரவு போடவும், ஆட்களைக் கைது செய்யவும் சபையின் வாக்கு வேண்டாம், உத்தரவு போதும். ஆக, சிறுபான்மை ஆட்சிக்கு நல்லது செய்யும் அதிகாரம் அரைகுறையாகவும் அடக்கும் அதிகாரம் முழுசாகவும் கிடைக்கிறது. பட்டம் அமைச்சரவையில் இதுதான் நடந்தது. நிலச் சட்டம் வரவில்லை, துப்பாக்கிச்சூடு நடந்தது.

தி.த.நா.கா. எந்தெந்தப் பகுதிகளைக் கேட்டது?

ஒன்பது தாலுகாக்கள்: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். முதல் நான்கும் இன்றைய குமரி மாவட்டம். தேவிகுளமும் பீர்மேடும் தேயிலை, ஏலத் தோட்டங்கள் நிறைந்த மலைத் தாலுகாக்கள். அங்கே உழைத்தவர்களில் பெரும்பகுதி தமிழ்த் தொழிலாளர்கள். சித்தூர் பழைய கொச்சியைச் சேர்ந்தது. இயக்கத்தின் தலைவர் மார்ஷல் ஏ. நேசமணி. 1952இல் நாகர்கோவிலிலிருந்து நாடாளுமன்றம் போனவர்.

1953 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்கள் மறுசீரமைப்புக் குழுவை அமைத்துவிட்டது. பஸல் அலி, குன்ஸ்ரு, கே. எம். பணிக்கர் ஆகிய மூவர் அதன் உறுப்பினர்கள். எல்லையை இனி அந்தக் குழுதான் முடிவு செய்யும் என்ற நிலையில், மக்கள் விருப்பத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி இயக்கத்துக்கு. எல்லையில் கலவரம் இருப்பதாகத் தெரிந்துவிடக் கூடாது என்ற பதற்றம் அரசுக்கு. 1954இன் போராட்டம் அவ்வளவு சூடேறியதற்கு இந்தக் காலக்கணக்கும் ஒரு காரணம்.

1954 ஆகஸ்ட் 11 அன்று என்ன நடந்தது?

தொடக்கம் மலையில். தேவிகுளம், பீர்மேடு பகுதியில் தொழிலாளர் மீதான கெடுபிடியை எதிர்த்து இயக்கத் தலைவர்கள் அங்கே போனார்கள். அரசு தடை உத்தரவு போட்டது. அதை மீறி ஆகஸ்ட் தொடக்கத்தில் மூணாறில் நேசமணி உள்ளிட்ட தலைவர்கள் கைதானார்கள். அதற்குப் பதிலடியாகத் தெற்குத் தாலுகாக்களில் ஆகஸ்ட் 11ஐ விடுதலை நாளாக அறிவித்து கடையடைப்பு, ஊர்வலம், மறியல் என்று இயக்கம் இறங்கியது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் கூட்டத்தின் மேல் போலீஸ் சுட்டது.

இறந்தவர் எண்ணிக்கையில் அரசுத் தரப்பும் இயக்கத் தரப்பும் ஒத்துப்போனதே இல்லை. குமரி மாவட்டத்தில் 11 தியாகிகள் என்று நினைவுகூர்வது வழக்கம். நீங்கள் எங்காவது எழுதும்போது எண்ணோடு சேர்த்து அது யார் சொல்லும் கணக்கு என்பதையும் எழுதுங்கள். இறந்தவர்களுக்கு அந்த நேர்மையாவது நாம் செலுத்த வேண்டிய மரியாதை.

லோகியா தன் கட்சி ஆட்சியையே ராஜினாமா செய்யச் சொன்னார் என்பது உண்மையா?

உண்மை. அந்தக் காலத்தில் இந்தியாவில் பிரஜா சோஷலிஸ்ட் கட்சி ஆண்ட மாநிலம் திரு-கொச்சி ஒன்றுதான். கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா. உத்தரப் பிரதேசத்தில் பாசன வரி உயர்வுக்கு எதிரான போராட்டத்தில் கைதாகி அப்போது அலகாபாத் அருகே நைனி சிறையில் இருந்தார். துப்பாக்கிச்சூட்டுச் செய்தி எட்டியதும் சிறையிலிருந்தே தந்தி அடித்தார்: அமைச்சரவை விலக வேண்டும், விசாரணை நடக்க வேண்டும்.

அவர் வாதம் எளிமையானது. ஆயுதமில்லாத மக்கள் மேல் சுடுவதைக் காங்கிரஸ் அரசுகள் செய்தபோது நாம் கண்டித்தோம். நம் கையில் போலீஸ் வந்ததும் அதையே செய்துவிட்டு, சட்டம் ஒழுங்கு என்று சொன்னால் நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? எந்தக் கட்சியின் ஆட்சி சுட்டாலும், சுட்டதற்குப் பொறுப்பேற்று விலகுவது என்ற மரபைச் சோஷலிஸ்டுகளாவது உண்டாக்க வேண்டும் என்றார்.

பட்டம் மறுத்துவிட்டார். நிலைமை கைமீறியதால் போலீஸ் சுட நேர்ந்தது என்பது அரசின் நிலை. கட்சியின் தேசியத் தலைமையில் பெரும்பாலோர் வருத்தம் தெரிவித்தாலும் ராஜினாமா தேவையில்லை என்றார்கள். இருக்கிற ஒரே ஆட்சியை ஏன் இழக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லாமல் இல்லை. 1954 நவம்பரில் நாக்பூரில் கூடிய கட்சியின் சிறப்பு மாநாடு தலைமையின் பக்கமே நின்றது. லோகியா பொதுச் செயலாளர் பதவியை விட்டார். தலைவர் கிருபளானியும் விலகினார். ஆச்சார்ய நரேந்திர தேவ் தலைவரானார். 1955இல் லோகியா கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் தனிச் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கிவிட்டார்.

காங்கிரஸோடு ஒத்துழைப்பதா வேண்டாமா என்ற சண்டை 1953 முதலே கட்சிக்குள் இருந்தது. அதனால் மார்த்தாண்டம் மட்டுமே பிளவுக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சண்டைக்கு ரத்தமும் சதையும் கொடுத்தது மார்த்தாண்டம்தான். எங்கள் தீர்ப்பைக் கேட்டால், லோகியா பக்கம்தான் நியாயம். ஆகஸ்டிலேயே விலகியிருந்தால் அந்த ஆட்சி ஐந்து மாதத்தில் முடிந்திருக்கும். ஆனால் அரசாங்கம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் நாட்டுக்குக் கிடைத்திருக்கும். மேலும் ஆறு மாதம் நீடித்ததில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

அப்படியானால் துப்பாக்கிச்சூட்டால்தான் ஆட்சி கவிழ்ந்ததா?

நேரடியாக இல்லை. பலரும் தவறாக எழுதும் இடம் இது. ஆகஸ்டில் காங்கிரஸ் ஆதரவு அசையவில்லை. ஆட்சி கவிழ்ந்தது ஆறு மாதம் கழித்து, 1955 பிப்ரவரியில். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தது தி.த.நா.கா.; அதற்குத் துப்பாக்கிச்சூடு ஆறாத காயம். ஆனால் அதனிடம் 12 வாக்குகளே இருந்தன. ஆட்சியைக் கவிழ்த்தது, அத்தனை நாள் தாங்கி நின்ற காங்கிரஸ் எதிர்த்து வாக்களித்ததுதான். 45 + 12 = 57. இன்னும் ஒரு சிலர் சேர்ந்தால் போதும். 1954 மார்ச்சில் கூடி வராத அதே கூட்டல், இடையில் பொது எதிரி ஒருவர் கிடைத்ததும் கூடி வந்தது.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் அன்று எப்படி வேலை செய்தது? இன்றைக்கும் அதே முறைதானா?

அடிப்படை மாறவில்லை. உறுப்பினர் ஒருவர் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். சபை அனுமதிக்கக் குறிப்பிட்ட எண்ணிக்கையினர் எழுந்து நின்று ஆதரவு காட்ட வேண்டும். பிறகு நாள் குறித்து விவாதம், முதல்வரின் பதில், வாக்கெடுப்பு. வந்திருந்து வாக்களிப்போரில் பாதியைத் தாண்டினால் தீர்மானம் நிறைவேறும். சபையின் மொத்த பலத்தில் பாதி வேண்டும் என்பது பரவலான தவறான எண்ணம். வராமல் இருப்பதும் நடுநிலை வகிப்பதும் தேவையான எண்ணைக் குறைத்துவிடும். சிறிய கட்சிகளின் பேரம் அங்கேதான் நடக்கும்.

பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கட்சித்தாவல் தடைச் சட்டம் 1985இல்தான் வந்தது. 1950களில் கொறடா உத்தரவை மீறினால் கட்சி நடவடிக்கை எடுக்கலாம், பதவி போகாது. 1954 நவம்பரில் பக்கத்து ஆந்திராவில் பிரகாசம் அமைச்சரவை ஒரே ஒரு வாக்கில் தோற்றதும் இந்தச் சூழலில்தான்.

தோற்ற பிறகு சட்டசபை ஏன் கலைக்கப்படவில்லை?

பட்டம் கலைக்கச் சொன்னார். 1953இல் ஜான் தோற்றபோது அவர் ஆலோசனைப்படி கலைத்த அதே ராஜப்பிரமுகர், 1955இல் மறுத்துவிட்டார். மாற்று அமைச்சரவை அமைக்க முடியும் என்பது காரணம். காங்கிரஸின் பனம்பிள்ளி கோவிந்த மேனன் தி.த.நா.கா. ஆதரவோடு முதல்வரானார்.

ஒரே மாநிலம், ஒரே ராஜப்பிரமுகர், இரண்டே ஆண்டுக்குள் இரண்டு வேறு முடிவுகள். சபையில் தோற்ற முதல்வரின் கலைப்பு ஆலோசனை ராஜப்பிரமுகரையோ ஆளுநரையோ கட்டுப்படுத்துமா என்ற விவாதத்தில் இந்த இணை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. பட்டம் தரப்புக்கு மனக்குறை இருந்ததில் வியப்பில்லை. ஆனால் வேறொருவர் பெரும்பான்மை காட்ட முடியுமா என்று முதலில் பார்ப்பதே சரியான வழி. பிசகியது 1953இல் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த ஆட்சி உருப்படியாக எதையும் செய்யவில்லையா?

நடராஜ பிள்ளை நிலச் சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்தார். குடியிருப்போரை வெளியேற்றுவதைத் தடுப்பது, குத்தகைதாரருக்குப் பாதுகாப்பு, நில உச்சவரம்பு என்ற திசையில் போனவை. சட்டமாகும் முன்பே ஆட்சி போய்விட்டது. 1957க்குப் பிறகு கேரளத்தில் வந்த நிலச் சட்டங்களைப் பற்றிப் பேசும்போது இந்த முன்முயற்சியையும் குறிப்பிடுவதே நியாயம்.

இன்னொன்று, மலைப்பகுதிக் குடியேற்றத் திட்டம். சமவெளியிலிருந்து வந்த விவசாயக் குடும்பங்களுக்கு 5 ஏக்கர் வீதம் நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். இன்றைய இடுக்கி மாவட்டத்தில் கல்லார் பக்கம் 'பட்டம் காலனி' என்ற பெயர் அப்படி வந்ததுதான். நிலமில்லாதவருக்கு நிலம் என்ற வகையில் நல்ல திட்டம். ஆனால் எல்லைக் கேள்வி திறந்திருந்த நேரத்தில் அதே மலையில் மலையாளக் குடும்பங்களைக் குடியேற்றியதைத் தமிழ் இயக்கம் வேறு கண்ணோடு பார்த்தது. அந்தச் சந்தேகத்தை ஆதாரமற்றது என்று தள்ள முடியாது.

தாலுகாக்கள் கடைசியில் என்னவாயின?

1955 செப்டம்பர் 30இல் மறுசீரமைப்புக் குழு அறிக்கை தந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்தும் சென்னைக்கு. தேவிகுளம், பீர்மேடு உள்ளிட்ட மற்றவை கேரளத்துக்கு. இதை ஏற்பதில் காங்கிரஸுக்குள்ளேயே பிளவு வந்து, ஆறு உறுப்பினர்கள் விலகியதில் பனம்பிள்ளி அமைச்சரவையும் பெரும்பான்மை இழந்தது. 1956 மார்ச் 23 அன்று குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. நவம்பர் 1இல் நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி மட்டும் திருநெல்வேலியோடு சேர்ந்தது.

கணக்குப் பாருங்கள்: ஜான், பட்டம், பனம்பிள்ளி என்று மூன்று அமைச்சரவைகள் அடுத்தடுத்து விழுந்ததில் தமிழ்த் தாலுகாக்களின் கேள்வி ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்தது. 8, 12 என்று சிறிய எண்களை வைத்திருந்த ஒரு பிராந்தியக் கட்சி இவ்வளவு அசைக்க முடிந்ததற்குக் காரணம், பெரிய கட்சிகள் எதுவும் பெரும்பான்மையைத் தனியாகத் தொட முடியாததுதான்.

பெயர்களிலும் தேதிகளிலும் எங்கே குழப்பம் வருகிறது?

'பட்டம்' என்பது விருதோ பட்டப்பெயரோ அல்ல. திருவனந்தபுரத்தில் உள்ள ஓர் இடம். தாணு என்பது சுசீந்திரம் தாணுமாலயன் பெயர். நாஞ்சில் நாட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் மூன்று முறை அரசுக்குத் தலைமை தாங்கினார். 1948 மார்ச் முதல் அக்டோபர் வரை திருவிதாங்கூரின் பிரதமர், அப்போது காங்கிரஸ்காரர். 1954–55இல் திரு-கொச்சி முதல்வர், பிரஜா சோஷலிஸ்ட். 1960 பிப்ரவரி முதல் 1962 செப்டம்பர் வரை கேரள முதல்வர், காங்கிரஸோடு கூட்டணி. பிறகு பஞ்சாபுக்கு ஆளுநராகப் போனார். இந்த மூன்றையும் கலந்து எழுதிய கட்டுரைகள் நிறைய உண்டு.

அமைச்சரவைத் தேதிகள் நூலுக்கு நூல் ஓரிரு நாள் மாறும். சபையில் தோற்ற நாள், ராஜினாமா நாள், அடுத்தவர் பதவியேற்ற நாள் மூன்றும் வேறு வேறு என்பதே காரணம். நீங்கள் எந்த நாளைக் குறிக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு எழுதினால் குழப்பம் வராது.